முதலாம் எண் தோப்பு

இன்று காலை பக்கத்து வீட்டில் மாமரத்தை வெட்டினார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். நான் அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தப் பால் வாடை வந்தது. பச்சை மாமரத்தை அறுத்தால் வருமே, மூக்கில் காரமாக ஏறித் தொண்டையில் போய் உட்காருகிற வாடை. கையில் புளியோடு அப்படியே நின்றுவிட்டேன். மருமகள் ஓடிவந்து, "அத்தே, என்ன செய்யுது? தலை சுத்துதா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை பட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? சொல்ல வேண்டியவள் நீ. நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். ரசத்தை அவளிடம் விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் தென்காசிப் பள்ளியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். நீ பூகோளம், நான் இயற்கை அறிவியல். பெயருக்குத்தான் அறிவியல். பாடப் புத்தகத்தில் உள்ள தவளையைத் தவிர வேறு பிராணி எதையும் நான் பொருட்படுத்தியதில்லை. நீதான் சனிக்கிழமை ஆனால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். "கலியாணம் காச்சி இல்லாத பொம்பள, வரப்பு வரப்பா அலையுதா" என்று ஆசிரியைகள் அறையில் பேச்சு. நானும் பேசியிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். அப்படி எங்கேதான் போகிறாய் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பில்தான் முதல் தடவை உன்னோடு வந்தேன்.

நீ கூட்டிப்போனது எங்கள் பெரிய மாமாவின் தோப்புக்கு. என் மாமனாரின் அண்ணன். குற்றாலத்துக்குப் போகும் வழியில், மலைச் சரிவு முடிந்து மனிதர்களின் நிலம் தொடங்குகிற இடத்தில் அந்தத் தோப்பு. கிழட்டு மாமரங்கள், நடுவில் பலாவும் புளியும். கலியாணமான புதிதில் அங்கே மாம்பழம் தின்றிருக்கிறேனே தவிர, அண்ணாந்து பார்த்ததில்லை. நீ என் முகவாயைப் பிடித்து உயர்த்தினாய். கிளையில் ஒரு மலை அணில். கருஞ்சிவப்பு முதுகு, முழ நீளத்துக்குத் தொங்கும் வால். "ஐயோ, எம்மாம் பெரிய வாலு!" என்று நான் போட்ட சத்தத்தில் அது ஒரே தாவலில் மறைந்துவிட்டது. "ஒன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாட்டி?" என்று தலையில் குட்டினாய். என் வாயைப் பற்றி நீ சொன்ன முதல் வார்த்தை அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கு மரம் நட வந்த வன அதிகாரி ஒருவர் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர், இளைஞர். காட்டுக்கு உள்ளே இருப்பதை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், வெளியே ஜனங்களின் தோப்பிலும் குளத்திலும் வாய்க்காலிலும் பிராணிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, பார்த்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். "பத்து இடம் எழுதினா மேல ஒருத்தரும் படிக்க மாட்டாங்க டீச்சர். எது முதல்ல, எது ரெண்டாவது, எது மூணாவது. அவ்வளவுதான். மேலதிகாரிங்க கையெழுத்து வாங்குறது என் பொறுப்பு, அது ஆயிட்டா அந்த எடத்துல யாரும் கை வைக்க முடியாது" என்றார். உனக்கு வந்த சந்தோஷம்! அன்று மத்தியானம் நீ சாப்பிடவே இல்லை. உன் டப்பாவையும் நான்தான் காலி செய்தேன்.

நான்கைந்து மாதம் அலைந்தோம். கிராம வரைபடத்தை மெல்லிய டிரேசிங் தாளில் எடுத்து, எந்தத் தோப்பு யாருடையது, எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று நீ பென்சிலால் குறித்தாய். மாங்காய்க் காவல்காரர், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர், ஆடு மேய்க்கிறவர் என்று ஒருவரையும் விடாமல் நிறுத்திக் கேட்டோம். ஏன் கேட்கிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது என்பது உன் கட்டளை. கடைசியில் மூன்று இடங்கள் தேறின. கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகிற ஒரு குளம். சிற்றாற்றங்கரையில் நீர்நாய் ஒதுங்குகிற தாழம்புதர். பிறகு பெரிய மாமாவின் தோப்பு.

எதை முதலில் எழுதுவது என்று நமக்குள் சண்டை. இந்த மூன்றும் எதற்கு, அருவிக்கு மேலே இருக்கிற காட்டையே முதலாவதாக எழுதிவிடலாமே என்றேன் நான். நீ சிரித்தாய்.

"மலைய எவனும் தலையில தூக்கிட்டுப் போவ மாட்டான்ட்டி. அதுக்குக் காவலு இருக்கு, சட்டம் இருக்கு. மனுசன் கைபடுத எடத்துல எது இன்னும் நிக்குதுன்னு பாரு. அதுல எது போனா மத்ததெல்லாம் சேந்து போவும்னு பாரு. அதுதான் மொத நம்பர்."

டிரேசிங் தாளில் விரலை ஓட்டிக் காட்டினாய். மலை அணில் தரையில் இறங்குகிற பிராணி இல்லை. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். சரிவிலிருந்து பெரிய மாமா தோப்புக்கு, அங்கிருந்து அடுத்த தோப்புக்கு, அப்படியே ஆற்றங்கரை வரை. நடுவில் அந்த ஒரு தோப்பு இல்லாமல் போனால், அந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமே, இந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கமே. மரம் கொஞ்சம், ஆனால் வழி அதுதான். எனக்கு அன்றுதான் விளங்கியது. நீ சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டு, பெரிய மாமா தோப்பின் மேல் ஒன்று என்று எழுதினாய். "ஆபீஸர் கையெழுத்து ஆவுத வரைக்கும் ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது" என்றும் சொன்னாய். சொன்னாய். நான் கேட்டேன். தலையைக்கூட ஆட்டினேன்.

இப்போது நான் செய்ததை எழுத வேண்டும். 

எங்கள் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். பெரிய மாமாவிடம் சொல்லாமல் ஒன்றும் நடக்காது. தையல் மெஷின் வாங்கினாலும், கிணற்றில் மோட்டார் போட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு போய் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவமரியாதை. அப்படியிருக்க, அவருடைய தோப்பு சர்க்கார் பட்டியலில் முதல் இடத்தில் வரப்போகிறது, வீட்டு மருமகளே எழுதியிருக்கிறாள், அவருக்கு மட்டும் தெரியாது என்றால்? கலியாணத்தை வைத்துக்கொண்டு பெரியவரை அழைக்காத மாதிரி அல்லவா? ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது என்று நீ சொன்னது வெளியாட்களை. பெரிய மாமா என்ன வெளியாளா? இப்படித்தானடி என் புத்தி போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் பிச்சிப்பூவோடு போனேன்.

"வாம்மா. தட்டோட வருத, என்ன விசேசம்?" என்றார் பெரிய மாமா.

"நம்ம தோப்பு மொத நம்பரா வந்திருக்கு மாமா."

"எதுல, பரீட்சையிலயா?" என்று சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அணிலைச் சொன்னேன், வழியைச் சொன்னேன், அதிகாரியைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி. "கையெழுத்து ஆயிட்டா?"

"இன்னும் இல்ல மாமா. அடுத்த மாசம் ஆவும்னாவ."

"நல்லதும்மா. நல்லவேளை, முன்னாடியே வந்து சொன்ன." அத்தையைக் கூப்பிட்டு எனக்குக் குங்குமம் கொடுக்கச் சொன்னார். டவரா நிறைய காப்பி வந்தது. படி இறங்கி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம் கையெழுத்தான பிறகு சொல்லி உன்னை அசத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை. சாரல் விட்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நீ முன்னால் நடந்தாய், நான் வழக்கம்போல் ஏதோ வளவளத்துக்கொண்டு பின்னால். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டாய். நான் உன் முதுகில் போய் இடித்தேன். "என்னட்டி?" என்று எட்டிப் பார்த்தேன். வானம் தெரிந்தது. அங்கே வானம் தெரியவே கூடாது. பாதையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கும் மரங்களில் ஒன்றுகூட இல்லை. மலை நேராக, பக்கத்தில் வந்து நின்றது. நான் வழி தப்பி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். உன்னிடம், "வேற பாதையில வந்துட்டோமாட்டி?" என்று கேட்கவும் செய்தேன்.

வேலி அப்படியே இருந்தது. உள்ளே அடிமரங்கள், வட்டம் வட்டமாக, வெள்ளையாக, பால் வடிந்துகொண்டு. அந்த வாடை. இலையெல்லாம் இன்னும் வாடக்கூட இல்லை. இருபது முப்பது ஆட்கள் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவு வேகம். ஒரு கிளைக் குவியலில் மலை அணிலின் கூடு கிடந்தது, சுள்ளியும் தழையும் சேர்த்து உருட்டிய கூடு. நீ போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். கையை உள்ளே விடவில்லை. உள்ளே குட்டி இருக்கிறதா பார் என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. அந்தப் பக்கத்துத் தோப்பின் கடைசி மரத்தில் ஒரு அணில் கிளை நுனி வரை ஓடி வந்தது, நின்றது, திரும்பி ஓடியது. மறுபடி நுனி வரை வந்தது. நாம் அங்கே இருந்த நேரமெல்லாம் அது அதையேதான் செய்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. என் வாயிலிருந்து வார்த்தை வராமல் போனது என் ஆயுசிலேயே அன்று ஒருநாள்தான்.

"எந்தப் பயலோ ஆபீஸ்ல வாயத் தொறந்துட்டான்" என்றாய் நீ. உன் முகம் வெளுத்துக் கிடந்தது. "வெளங்குவானா? அவன் நாக்கு அழுவிப் போவாதா?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த இடத்திலேயே. சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய், நான் உன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரம் முழுக்க அந்தப் பெயர் தெரியாத பயலை நீ திட்டிக்கொண்டே இருந்தாய். அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டாய். பாவம், அவர் தம் அலுவலகத்து ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தாராம். நான் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மமடி நான்.

ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். இருவரும் காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய அறுத்த மாம்பலகை. வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "பெரிய வீட்டு அண்ணாச்சி குடுத்து விட்டாவம்மா. நீங்க தட்டு எடுத்துட்டுப் போயி முன்னாடியே சொல்லலேன்னா தோப்பு பட்டியல்ல போயிருக்கும், நெலமும் போயிருக்கும்னாவ. வீட்டுக்கு வேண்டிய பலகைய நம்ம புள்ளைக்கு முதல்ல குடுத்துட்டு வான்னாவ."

அப்போதுதான் எனக்கே முழுதும் விளங்கியது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய மாமாவின் மைத்துனருக்கு வீரகேரளம்புதூர்ப் பக்கம் இருந்த வயல்கள் இப்படித்தான் ஒரு பட்டியலில் ஏறிப் போயின. அந்த வீட்டில் பட்டியல் என்றால் நிலம் போவது என்று ஒரே அர்த்தம். அணிலும் வழியும் அவர் காதில் விழவே இல்லை. பட்டியல் என்ற ஒரு சொல்தான் விழுந்திருக்கிறது. அவர் என்னைப் பழிவாங்கவில்லை. நன்றி சொல்லியிருக்கிறார்.

நீ சிவப்பு மையிட்ட பேனாவைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாய்.

"நீயாட்டி?"

அவ்வளவுதான் கேட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ ஏசுவாய், எழுந்து போய்விடுவாய், இனிமேல் இந்த வாசற்படி மிதிக்க மாட்டாய் என்று காத்திருந்தேன். நீ மீதி இருந்த விடைத்தாள்களைத் திருத்தி முடித்தாய். மார்க்கைக் கூட்டினாய். பேனாவை மூடினாய். "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் டப்பாவைத் திறந்து எனக்கு ஊறுகாயை எடுத்து வைத்தாய். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, ஒருநாளும்.

அந்தப் பலகையைத் திருப்பி அனுப்ப எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. என் வீட்டுக்காரர் அதில் ஒரு பெஞ்சு செய்தார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நீ எங்கள் வீட்டுக்கு வந்து போனாய், என் பிள்ளைகளுக்கு அட்லஸ் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பெஞ்சில் மட்டும் உட்காரவே இல்லை. இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பாய். அதிகாரிக்கு இரண்டு இடங்களை மட்டும் எழுதிக் கொடுத்தாய். அவரும் மாற்றலாகிப் போனார். காகிதம் எங்கே போயிற்றோ தெரியாது. "அந்த அணிலெல்லாம் என்னட்டி ஆயிருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "எல்லாம் போயிருச்சு" என்றாய். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

போன ஐப்பசியில் நீ போனாய். பதினாறாம் நாள் உன் தம்பி ஒரு காகிதச் சுருளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "எனக்கு அப்புறம் டீச்சர்ட்ட குடுன்னு அக்கா சொல்லி வச்சிருந்தா." பிரித்துப் பார்த்தேன். அந்தப் பழைய டிரேசிங் தாள். முதலாம் எண் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஒரு கோடு, குறுக்கே அடிக்கவில்லை. இரண்டு, மூன்று. அப்புறம், வெகு தள்ளி, நாம் சேர்ந்து ஒருநாளும் போகாத ஒரு இடத்தில், நான்கு.

நான்கு என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது! பக்கத்தில் பென்சிலால் வருஷத்துக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டின் கீழும் பொடி எழுத்தில் அணில் கூடு ஒன்று, கூடு இரண்டு, கூடு இரண்டு, குட்டி. எண்பதுகளில் தொடங்கி, உன் கால் முடியாமல் போகும் வரைக்கும். அடிப்பாவி, வருஷா வருஷம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, ஆய்க்குடி முருகனுக்கு நேர்த்தி, தனியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாயே! நானும் வருகிறேன் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். சாயங்காலம் தூக்குவாளியில் பலாச்சுளை கொண்டுவந்து கொடுப்பாய். ஆய்க்குடியில் வாங்கினேன் என்பாய். நானும் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்பேன். அவ்வளவு வருஷமும் நீ எனக்கு அந்த இடத்தைத்தான் ஊட்டியிருக்கிறாய், ஊர் பேரை மட்டும் சொல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் உன் படத்தைப் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் எடுத்து வைத்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாயே. மூன்றாம் நாள்தான் நியாயம் உறைத்தது. நீ சொல்லியிருந்தால் அந்தத் தோப்புக்காரர் எங்களுக்கு ஏதாவது ஒரு வழியில் சொந்தமாக இருந்திருப்பார். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இந்த ஆடியில் போய்ப் பார்த்தேன். வீட்டில் ஆய்க்குடிக்கு நேர்த்தி என்று சொன்னேன். எந்த ஊர், எந்தப் பஸ் என்று இதில் எழுத மாட்டேன். தோப்பு இருக்கிறது. கிளையோடு கிளை கோத்துக்கொண்டு, உள்ளே இருட்டாக. வாசலில் ஒரு முதியவர் பலாப்பழங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே மலை அணிலின் குரல் கேட்டது, கடகடவென்று. கூடவே ஒரு வால், கிளையிலிருந்து தொங்கி, மெல்ல அசைந்தது. மேலே பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"யாரத் தேடுதிய?" என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "வருசந்தோறும் ஒரு டீச்சரம்மா கொடையோட பழம் வாங்க வருவாவ. ரெண்டு மூணு வருசமாக் காணும். நல்லா இருக்காவளா?"

"அவ போயிட்டா அண்ணாச்சி."

அவர் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா, என்ன விசயமா வந்திய?" என்று கேட்டார். வாய்வரை வந்தது, அத்தனையும். அணில், கூடு, சிவப்புப் பென்சில், அண்ணாச்சி உங்க தோப்பு எப்பேர்ப்பட்ட தோப்பு தெரியுமா என்று எல்லாமே வந்தது.

"நானும் டீச்சர்தான் அண்ணாச்சி," என்றேன். "பழம் வாங்க வந்தேன்."